இந்த வயசுல மூட்டு வலியா?

அவளுக்கு இருபத்தேழு வயது நடக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில், வலது கை நடுவிரல் வீங்கியது. வீங்கியது ஒரு கணு மட்டுமல்ல. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக, வேகவைத்த கிழங்கு போல உப்பியிருந்தது. மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. வெந்நீரில் அரைமணி நேரம் வைத்திருந்த பிறகுதான் பல் துலக்க ஒத்துழைத்தது.

அவள் வேலை பார்த்தது பல் செட் செய்யும் லேப்பில். பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு இருக்கும்: ஆண், எழுபத்தொன்று, மேல் தாடை. பெண், அறுபத்தெட்டு, இரண்டு தாடையும். அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பது, மெழுகில் ஈறு கட்டுவது, பல் பல்லாக எடுத்து வரிசையில் நிறுத்துவது, சின்னக் கத்தியால் இடுக்குகளைச் செதுக்குவது எல்லாம் அவள் வேலை. கடைசியில் சுழலும் பிரஷ்ஷில் மெருகேற்ற வேண்டும். அந்த மெஷினைப் பிடித்தால் அதிர்வு நேராக நடுவிரலுக்குள் இறங்கும். எழுபது வயதுக்காரர்கள் கடித்துச் சாப்பிடுவதற்காக இருபத்தேழு வயதுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள்.

தெருமுனையில் முப்பது வருடமாக மருத்துவம் பார்க்கும் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை முனை டாக்டர் என்பார்கள். அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் வயதைத்தான் கேட்பார். பாதி நோயை அதிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"என்ன வயசு?"

"இருபத்தேழு, டாக்டர்."

"இந்த வயசுல மூட்டு வலியா?" அவர் சிரித்தார். நோயாளிக்குத் தைரியம் சொல்லும் சிரிப்பு அது. "மெஷின்ல எங்கயாவது இடிச்சிருப்பீங்க. ஒரு வாரம் இந்தக் களிம்பைத் தடவுங்க."

இடித்த ஞாபகம் அவளுக்கு இல்லை. ஆனாலும் டாக்டரே சொல்லும்போது இடித்துத்தான் இருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வாரம் தடவினாள். விரல் கொஞ்சம் வடிந்தது. பிறகு குதிகால் பிடித்துக்கொண்டது.

குதிகால் வலிக்கு முனை டாக்டர் செருப்பைக் காரணம் சொன்னார். செருப்பை மாற்றினாள். அடுத்த வருடம் இடுப்புக்கு வந்தபோது உட்காரும் விதத்தைக் காரணம் சொன்னார். உட்காரும் விதத்தை மாற்றினாள். அதற்கும் மசியாமல் கால் கட்டைவிரல் வீங்கியபோது ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முடிவு வந்ததும் காகிதத்தைக் கண்ணாடிக்கு மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு மேசைமீது வைத்தார்.

"ரத்தம் சொக்கத் தங்கம். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் மனசைச் சந்தோஷமா வெச்சுக்குங்க."

மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ள அவளும் முயன்றாள். ஆனால் வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்தில் இருபது இருபத்திரண்டு அடுக்குமாடிகளின் லிஃப்ட்கள் அவர் கையில் இருந்தன. அவர் மட்டும் லிஃப்டில் ஏறமாட்டார். உச்சியில் இருக்கும் மெஷின் அறைக்கு, கையில் கருவிப்பெட்டியுடன், பத்து மாடியானாலும் படியில்தான் போவார். மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்காமல் பேசுவதில் அவருக்கு ஒரு பெருமை. அவர்கள் வீடு நான்காவது மாடி. மகள் கீழே லிஃப்டுக்காகக் காத்து நின்றால் படியிலிருந்தே குரல் வரும்.

"லிஃப்ட்ட கிழவங்களுக்காகத்தான் கண்டுபிடிச்சான். நீ ஏம்மா நிக்கிற?"

"குதிகால் வலிக்குதுப்பா."

"என்னைப் பாரு. அடுத்த வருஷம் அறுபது. இன்னி வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்கினது கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உடம்பு பீங்கான்."

அவர் கெட்டவர் இல்லை. வலி என்பது வயதானவர்களுக்குச் சொந்தமான சொத்து என்றும், மகள் அதை முறையில்லாமல் எடுத்துப் பயன்படுத்துகிறாள் என்றும் மனதார நம்பினார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வேறு கவலை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு இடத்திலும் அந்த விரலைப் பார்த்தார்கள். கதவு இடுக்கில் நசுங்கிவிட்டது என்று அம்மா சொல்லிவைத்தாள். முதலில் வந்தவர்கள் இரண்டு வருடம் கழித்து, மனம் மாறித் திரும்பவும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா விரலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டு வருஷமாவா நசுங்கியிருக்கு?"

அம்மா பதில் சொல்லுமுன் மகளே சொன்னாள். "நசுங்கலைங்க. அது அப்படித்தான் வீங்குது. ஏன்னு யாருக்கும் தெரியல."

அவர்கள் மூன்றாவது தடவை வரவில்லை.

இப்படியே ஆறு வருடம் ஓடியது. கடைசியில் அவளுடைய நோயைக் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, முடி வெட்டும் பெண். பத்து வருடமாக அவளுக்குத் தலையில் செதில் உதிரும். பொடுகு என்று நினைத்து விதவிதமான ஷாம்பு வாங்கியிருந்தாள். முடி வெட்டும் பெண் காதுக்குப் பின்னால் சீப்பை நிறுத்தி, "அக்கா, இது பொடுகு இல்ல. இவ்வளவு தடிப்பா இருக்கே, தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

தோல் டாக்டர் தலையை அரை நிமிடம் பார்த்தார். பிறகு கேட்காமலேயே அவள் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். நகம் முழுக்கக் குண்டூசியால் குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள். லேப்பில் ரசாயனம் படுவதால் அப்படி என்று அவள் நினைத்திருந்தாள்.

"காலையில எழுந்ததும் விரலை மடக்க முடியுதா?"

ஆறு வருடத்தில் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தோல் டாக்டர் அதை வலி என்று எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டார். மூட்டு நோய்க்கான டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தார்.

மூட்டு டாக்டர் ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்மணி. நிதானமாகப் பேசுவார். அவரைப் பார்க்க அப்பாவும் கூடப் போனார். மகளுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

டாக்டர் எல்லா விரலையும் அழுத்திப் பார்த்தார். குதிகாலின் பின்பக்கம் தொட்டபோது அவள் துள்ளினாள். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் வைத்து, நடுவிரலின் கணுவைப் பேனாவால் காட்டினார். எலும்பின் ஓரம் எலி கொறித்தது போல இருந்தது.

"இது சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸ். தோல்ல வர்ற சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கிறது. உடம்போட காவல் படை உடம்பையே அடிக்குதுன்னு வெச்சுக்குங்க. இந்த விரல் இனிமே முழுசா நிமிராது. மத்ததைக் காப்பாத்திடலாம்."

"என் ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னாங்களே டாக்டர்?"

"நிறையப் பேருக்கு ரத்தத்துல தெரியாது. அதை வெச்சு ஒண்ணுமில்லன்னு சொல்லக்கூடாது."

அப்பா தொண்டையைச் செருமினார். "டாக்டர், இது வயசானவங்களுக்கு வர்றதுதானே? இவளுக்கு எப்படி?"

"இது பெரும்பாலும் நடு வயசுல வரும் சார். அதுக்கு முன்னாடி இருபதுகள்லயும் வரும், அறுபது தாண்டியும் வரும். சின்ன வயசுல வந்தா பல சமயம் முதல்ல தோல், நகம், அப்புறம் மெதுவா விரல், குதிகால்னு பிடிக்கும். அவங்க குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கறதும் அதிகம். உங்க வீட்டுல யாருக்காவது தோல் வியாதி இருக்கா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருந்தது. வருடம் முழுக்க அவர் அப்படித்தான் போடுவார்.

"எங்க பரம்பரையில யாருக்கும் ஒரு தோல் வியாதி கிடையாது, டாக்டர். சத்தியமா சொல்றேன்."

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை ஒன்று கொடுத்தார். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் வந்தால் பல மாதம் முன்பே தன்னிடம் சொல்ல வேண்டும், அப்போது மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றார். அன்று மாலை வீட்டில் இதைக் கேட்ட அம்மா, "கல்யாணத்துக்கே வழியக் காணோம், அவங்க குழந்தைக்கு நாள் குறிக்கிறாங்க" என்றாள். அப்பாவோ மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாரத்துல ஒரு நாள்தான் வேலை செய்யுமாம். உத்தியோகம்னா இப்படி இருக்கணும்."

மாத்திரை வேலை செய்தது. ஆறேழு மாதத்தில் காலை விறைப்பு பத்து நிமிடமாகக் குறைந்தது. நடுவிரல் மட்டும் கொக்கி போல வளைந்தே நின்றுவிட்டது. அவள் கத்தியைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டாள். லேப் முதலாளி அவளுக்கு உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலி ஒன்று வாங்கித் தர ஒப்புக்கொண்டு, "ஐம்பத்தஞ்சு வயசுக்காரர் ஒருத்தர் இருக்காரே, அவர் தப்பா நினைக்கப் போறார்" என்று அவருக்கே வாங்கிக்கொடுத்தார். அந்த மனிதருக்கு எந்த வலியும் இல்லை. நாற்காலி பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம், அப்பாவுக்கு அறுபத்தைந்து வயது நிறைந்து நாலாவது மாதம், ஒரு காலையில் அவரால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை.

மகளுக்கு வந்தது போல அது ஒரு விரலில் தயங்கித் தயங்கி வரவில்லை. படையெடுத்து வந்தது. இரண்டு முழங்காலும், இடது மணிக்கட்டும், வலது காலில் இரண்டு விரல்களும் ஒரே வாரத்தில் வீங்கின. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். உடம்பு அனலாகச் சுட்டது. அம்மா கைத்தாங்கலாக முனை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"வயசு என்ன ஆச்சு உங்களுக்கு?"

"அறுபத்தஞ்சு."

"பின்ன, இந்த வயசுல மூட்டு வலி வராம? இத்தனை வருஷம் படி ஏறி இறங்கினதெல்லாம் எங்க போகும்? தேய்மானம் சார். அந்தக் களிம்பையே தடவுங்க. முழங்காலுக்கு ஒரு உறை மாட்டிக்குங்க."

அப்பா சமாதானமாக வீட்டுக்கு வந்தார். சமாதானம் மட்டுமில்லை, கொஞ்சம் கௌரவமும் இருந்தது. தனக்கு முறைப்படி வர வேண்டியது முறைப்படி வந்திருக்கிறது. கிடைக்க வேண்டிய வயதில் கிடைத்த பென்ஷன் போல அதை ஏற்றுக்கொண்டார்.

வேலைக்கும் போனார். ஆனால் முதல் நாளே மூன்றாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறினார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. காய்கறிப் பையுடன் ஓர் அம்மாள் நின்றாள்.

"என்ன சார், அதிசயமா லிஃப்ட்ல?"

"டெஸ்ட் பண்றேம்மா. ஏதோ சத்தம் வருது."

மூன்று வாரம் அந்த வட்டாரத்தின் எல்லா லிஃப்ட்களும் தினமும் டெஸ்ட் செய்யப்பட்டன. குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர், இவ்வளவு டெஸ்ட் தேவைப்படும் லிஃப்டில் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று கடிதம் எழுதினார்.

மகள் அப்போது லேப்பில் ஒரு பெரிய ஆர்டரில் மாட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் கிளம்பும்போது அப்பா படுத்திருப்பார், திரும்பும்போதும் படுத்திருப்பார். 'வயசுக் கோளாறு' என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அம்மா களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். மகள் சும்மா வந்து நின்றவள், அந்தக் கால் விரலைப் பார்த்தாள். அடியிலிருந்து நுனிவரை ஒரே சீரான வீக்கம்.

"அப்பா, இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும். தேய்மானம்."

"தேய்ஞ்சா ஒல்லியாத்தானே ஆகணும்? இது உப்பியில்ல இருக்கு."

"டாக்டர் சொல்லிட்டார்ம்மா."

"காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?"

"பதினோரு மணி வரைக்கும்" என்றாள் அம்மா.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சட்டைக் கையை மடிங்கப்பா."

"எதுக்கு?"

"மடிங்க."

அவருக்குப் பொத்தான் கழற்ற வரவில்லை. அவளே கழற்றி மடித்தாள். முழங்கையில் வெள்ளைச் செதிலோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் தடிப்பு இருந்தது. அவளுக்கு அது புதிது இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். மெஷின் அறைத் தரையில் முழங்கை ஊன்றி வேலை செய்வதால் வந்த காய்ப்பு என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். கிரீஸ் காய்ப்பு என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. மற்றக் கைச் சட்டையையும் மடித்தாள். அங்கேயும் அதே அளவில் இருந்தது.

"அப்பா, ரெண்டு கையையும் ஒரே மாதிரி ஊனியா வேலை பார்த்தீங்க?"

அவர் தன் முழங்கையைத் தானே பார்க்க முயன்றார். யாராலும் தன் முழங்கையை நன்றாகப் பார்க்க முடியாது. அம்மா களிம்பு மூடியைத் திருகி மூடினாள்.

புதன்கிழமை மூட்டு டாக்டரிடம் போனார்கள். பழைய ஃபைலில் 'குடும்பத்தில்: இல்லை' என்று இருந்த இடத்தை டாக்டர் அடித்துவிட்டு எழுதினார். ரத்தப் பரிசோதனை முடிவு மேசையில் இருந்தது.

"வீக்கத்தைக் காட்டுற அளவு உங்களுக்கு அறுபத்தெட்டு இருக்கு சார். சாதாரணமா அஞ்சுக்குள்ள இருக்கணும். அறுபதுக்கு மேல ஆரம்பிச்சா சில பேருக்கு இப்படித்தான், ஒரே சமயத்துல நிறைய மூட்டுல, வேகமா வரும். விட்டா எலும்பையும் சீக்கிரம் அரிச்சிடும். எல்லாருக்கும் இப்படின்னு இல்ல, ஆனா உங்களுக்கு அப்படி வந்திருக்கு."

"டாக்டர், ஒரு சந்தேகம்" என்றார் அப்பா. குரலைத் தாழ்த்தினார். "இது இவகிட்டருந்து எனக்கு வந்திருக்குமா? ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே சோப்பு."

"இது தொத்துற வியாதி இல்ல சார். வழிவழியா வரும். அப்பாகிட்டருந்து பிள்ளைக்குப் போகும். பிள்ளைகிட்டருந்து அப்பாவுக்குப் போகாது."

"ஆனா முதல்ல வந்தது இவளுக்குத்தானே?"

"மூட்டுக்கு முதல்ல வந்தது அவங்களுக்கு. தோல்ல முதல்ல வந்தது உங்களுக்கு. இந்த முழங்கை எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

அப்பா கணக்குப் போட்டார். ஏதோ ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே முதல் லிஃப்ட் போட்ட வருடத்தைச் சொல்லி, பிறகு நிறுத்தினார்.

"இவ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து" என்றார்.

அதற்குப் பிறகு அவர் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் அவருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தார். மாத்திரையே தொட்டதில்லை என்ற மனிதருக்கு ஒரே நாளில் ஐந்து மாத்திரை எழுதினார். மகளுக்குக் கொடுத்த அதே வார மாத்திரையை, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்தார்.

வெளியே வராந்தாவில், மருந்து வாங்கப் போன அம்மாவுக்காக இருவரும் காத்திருந்தார்கள். மகள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒன்றரை மாசத்துல கண்டுபிடிச்சாச்சு" என்றாள். "எனக்கு ஆறு வருஷம் ஆச்சுப்பா."

"நீ இருந்த, கண்டுபிடிச்ச."

"அப்ப நீங்களும்தான் இருந்தீங்க."

அவர் அவளுடைய வளைந்த விரலைப் பார்த்தார். தொடலாமா என்று யோசிப்பது போலக் கை கொஞ்சம் நகர்ந்தது. அவர் மணிக்கட்டும் வீங்கியிருந்ததால் அது பாதி வழியில் நின்றது.

"வயசுப் பொண்ணு சோம்பேறித்தனம் பண்றான்னு நினைச்சேன்" என்றார். "நான் நினைச்சது தப்பு."

இப்படி ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று தனக்குள் பார்த்தாள். தீரவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அம்மா ஒரு பை நிறைய மருந்தோடு வந்தாள்.

அந்த உருக்கம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு அப்பா தன் இயல்புக்குத் திரும்பினார். இதுவரை ஆரோக்கியத்தில் போட்டி போட்டவர் இப்போது நோயில் போட்டி போட ஆரம்பித்தார்.

"எனக்கு அறுபத்தெட்டு. உனக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"நாலு."

"நாலா?" அவருக்குப் பரிதாபமாக இருந்தது. "நாலை வெச்சுக்கிட்டா இவ்வளவு பாடு பட்ட?"

"எனக்கு ஏழு வருஷம். உங்களுக்கு ரெண்டு மாசம்."

"வருஷக் கணக்கு வேற, வேகக் கணக்கு வேற. எனக்கு வந்தது எக்ஸ்பிரஸ்."

எக்ஸ்பிரஸாக வந்தது எக்ஸ்பிரஸாகவே போகவும் செய்தது. ஐந்து மாதத்தில் முழங்கால் வடிந்தது, மணிக்கட்டு திரும்பியது. எலும்பு அரிக்குமுன் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். அப்பாவின் பத்து விரலும் நேராக இருந்தன. மகளுடைய பத்தில் ஒன்பதுதான் நேராக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அவளுடைய ஆறு வருடம்.

தெம்பு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம், இரண்டு பேருடைய எக்ஸ்ரேயையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு முனை டாக்டரிடம் போனது. மகள் வேண்டாம் என்றாள். கேட்கவில்லை. கடைசியில் அவளும் கூடப் போனாள்.

முனை டாக்டர் படங்களை மேலும் கீழும் பார்த்தார். மறுக்கவில்லை, மனம் நோகவும் இல்லை.

"நான் என்ன சார் பண்ணுவேன்? அவங்க ரொம்பச் சின்னப் பொண்ணு. நீங்க கொஞ்சம் வயசானவர். ரெண்டு பேருமே சந்தேகப்படுற வயசுல இல்லயே."

"எந்த வயசுல வந்தா நீங்க சந்தேகப்பட்டிருப்பீங்க டாக்டர்?" அப்பா நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

முனை டாக்டர் கூரையைப் பார்த்து யோசித்தார். "நாற்பத்தஞ்சுன்னு வெச்சுக்கலாம்."

வெளியே வந்ததும் மகள் சிரிக்க ஆரம்பித்தாள். படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் பக்கத்தில் நின்று, எதற்கு என்று முழுசாகப் புரியாமல், சேர்ந்து சிரித்தார். ஆனால் அடுத்த வாரமே முனை டாக்டர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு காகிதம் வைத்தார் என்று கேள்விப்பட்டார்கள். 'விறைப்பு எவ்வளவு நேரம்? நகம்? முழங்கை?' என்று எழுதியிருந்ததாம். வயதையும் கேட்டார்தான். ஆனால் நாலாவதாகக் கேட்டார்.

மூட்டு டாக்டரின் மருத்துவமனையில் நோயாளிகளுக்காக ஒரு கூட்டம் போட்டபோது, அனுபவம் சொல்ல அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் மகளைப் பற்றி இரண்டு நிமிடமும், தன்னைப் பற்றி இருபது நிமிடமும் பேசினார். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதன் அவசியத்தைத் தன் குடும்பத்தையே உதாரணம் காட்டி விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் பின்வரிசையில், வளைந்த விரல் இடிக்காதபடி, மெதுவாகத் தட்டினாள். கூட்டம் முடிந்ததும் அப்பாவைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். அவளிடம் வந்தவள் ஒருத்திதான், கல்லூரிப் பெண். சட்டையை இழுத்துக் கையை மூடியபடி, "அக்கா, நீங்க நகத்துக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். கல்லூரிப் பெண்ணின் அம்மா வந்து கூப்பிடும்வரை இருவரும் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில், மருந்து நேரம் பார்த்துக் கொடுத்தது, வெந்நீர் வைத்தது, ஃபைல் தூக்கியது எல்லாம் அம்மாதான். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "எனக்கும் முழங்கால் வலிக்குது" என்றாள். வீடே எழுந்து நின்றது. மறுநாளே அவளை மூட்டு டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்கள்.

டாக்டர் முழங்கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார். முழங்காலை மடக்கி நீட்டினார். கடகடவென்று சத்தம் வந்தது.

"உங்களுக்கு அந்த வியாதி இல்லம்மா. இது தேய்மானம். வயசுதான் காரணம்."

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "டாக்டர், எல்லாத்தையும் வயசு மேல போடக்கூடாது. நீங்களே சொல்லியிருக்கீங்க."

"ரத்தத்துல தெரியாமலும் இருக்கலாம்" என்றாள் மகள். "எனக்குத் தெரியல இல்ல?"

"எக்ஸ்ரே எடுத்துடலாம். ரெண்டு காலுக்கும்" என்றார் அப்பா.

டாக்டர் பொறுமையாக, காலையில் அம்மாவுக்கு விறைப்பு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, வீக்கம் இல்லை, சூடு இல்லை என்று விளக்க ஆரம்பித்தார். இருவரும் ஒவ்வொன்றுக்கும் எதிர்க்கேள்வி வைத்திருந்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா ரெண்டு பேரும்? ஒரே வீட்டுல ஒருத்தராவது வயசானதுனால வலிச்சுட்டுப் போறேன்."

டாக்டர் எழுதிக்கொடுத்த உடற்பயிற்சிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். எதிர்க்கேள்விகள் தொடர்ந்துகொண்டிருக்க, கதவைத் திறந்து வெளியே போனாள். வராந்தாவில் பக்கத்து நாற்காலிக்காரி, "என்ன வியாதின்னு சொன்னாங்க?" என்று விசாரித்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. "அவங்களை விட்டுட்டு வந்திருக்கேன். வர நேரமாகும்." வசதியாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.